ஆறு பேரை வெட்டிய வீடியோ

சிதம்பரத்தில் பதினொன்றாம் வகுப்பு படித்தபோது, பள்ளி டான்ஸ் கிளாஸில் எட்டு பேர் கோலாட்டம் கற்றோம். எனக்கு ஜோடி, புவனகிரியிலிருந்து வந்த கவிதா. ஒருநாள், திருட்டுத்தனமாகக் கொண்டுவந்த போனை ஜன்னலில் சாய்த்துவைத்து வீடியோ எடுத்தேன். மற்ற ஆறு பேரை வெட்டிவிட்டு, நாங்கள் இருவர் மட்டும் ஆடுவதுபோல் நண்பனுக்கு அனுப்பினேன். "மச்சான், ஹீரோடா நீ!" என்று அவன் அதை ஸ்டேட்டஸ் வைத்துவிட்டான்.

மூன்றாம் நாள், அதைப் பார்த்துவிட்ட கவிதாவின் அண்ணன் அவளையும் இழுத்துக்கொண்டு டி.சி. வாங்க வந்தார்.

"எட்டு பேர் ஆடுனாங்கப்பா" என்றார் டான்ஸ் மிஸ்.

"அப்போ வீடியோவுல மீதி ஆறு பேர் எங்க? காட்டுங்க, பொண்ண விட்டுட்டுப் போறேன்."

மிஸ் எங்களைப் பார்த்தார். "முழு வீடியோ யார்கிட்டயாச்சும் இருக்காடா?"

என் சட்டைப்பையில் இருந்தது. போனை எடுத்தால் என்னையும் அனுப்பிவிடுவார்கள். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான்.

"இல்ல மிஸ்" என்றேன்.

கவிதா ஏதோ சொல்ல வந்தாள். "நீ வாயத் தொறக்காத" என்றார் அண்ணன். அவள் என் சட்டைப்பையையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

அந்தக் கோடையில் அவளுக்குக் கல்யாணமாகிவிட்டது. நான் படித்து முடித்து, கடலூரில் வேலைக்குப் போகிறேன். போன் மூன்று மாற்றிவிட்டேன். எட்டு பேரும் ஆடும் அந்த வீடியோவை மட்டும் ஒவ்வொன்றிலும் ஏற்றிவைக்கிறேன். யாருக்குக் காட்ட என்றுதான் தெரியவில்லை.