சொன்னதைத் திருப்பிச் சொல்கிறவன்

போன ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் படம் பார்த்தேன். சினிமா இல்லை. ரயில்வேயைப் பற்றிய பழைய அரசாங்கப் படங்கள் — கறுப்பு வெள்ளை. தூத்துக்குடியில் ஒரு பள்ளிக்கூட ஹாலில் ஸ்கிரீன் கட்டிப் போட்டார்கள்.

ரிட்டயர் ஆன கேட்கீப்பர் என்று எனக்கும் அழைப்பு. வீட்டில் இருந்தால் சுவரைத்தான் பார்க்க வேண்டும். போனேன்.

பக்கத்தில் சூசை அண்ணாச்சி. என் காலத்தில் தண்டவாளத்தை நடந்தே செக் பண்ணியவர். வாய் சும்மா இருக்காது.

எல்லாம் 'இனிமேல் இப்படித்தான் இருக்கும்' வகைப் படங்கள். கரி எஞ்சின் புகைவிட்டு ஓரமாகப் போகிறது. டீசல் எஞ்சின் பளபளவென்று வருகிறது. வெள்ளைச் சட்டைக்காரர் ஒருவர் பட்டனை அழுத்துகிறார் — எங்கேயோ சிக்னல் விழுகிறது.

"ஏலே, அந்தாளு கையில ஒரு பொட்டு கிரீஸ் இருக்கா பாரு. ரயில்வேக்காரனா, கல்யாண மாப்பிள்ளையா?" என்றார் அண்ணாச்சி. முன் வரிசை திரும்பிப் பார்த்துச் சிரித்தது.

அடுத்து ஒரு லெவல் கிராசிங். ஸ்டேஷனிலிருந்து போன். கேட்கீப்பர் எடுக்கிறான். சொன்னதை அப்படியே திருப்பிச் சொல்கிறான். வைக்கிறான். ஒரு வார்த்தை அதிகமில்லை, ஒரு நொடி வீணில்லை என்று பின்னணிக் குரல் பெருமைப்படுகிறது.

"அச்சு அசல் நீதாம்ல!" அண்ணாச்சி விலாவில் இடித்தார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை.

உப்பளத்துக்கு நடுவில் என் கேட். முப்பது வருடம் அதுதான் என் பேச்சு. 'கேட்டைப் பூட்டு' என்பார் ஸ்டேஷன் மாஸ்டர். 'கேட்டைப் பூட்டுறேன்' என்பேன். பூட்டியதும் அடையாளத்துக்கு ஒரு நம்பரைச் சொல்லிவிட்டு போனை வைத்துவிடுவேன். நான் லைனைப் பிடித்துக்கொண்டு நின்றால் அடுத்த தகவல் எப்படி வரும்? வேலை அப்படி.

ஆனால் வீட்டிலும் அப்படியே பேசினால்?

மனைவி இருந்தவரை போன் அவள் கையில் இருந்தது. அவள் போன பிறகு என் கைக்கு வந்தது. நாலு மாதம் முன்பு ஓசூரிலிருந்து மகள் செல்வி கூப்பிட்டாள்.

"அப்பா... நானும் அவரும் பிரிஞ்சாச்சு."

"பிரிஞ்சாச்சு. சரி" என்றேன். வைத்துவிட்டேன்.

அதற்குப் பிறகு அவள் கூப்பிடவில்லை. சொல்ல ஒன்றும் இல்லை போல என்று நானும் இருந்துவிட்டேன். நாலு மாதம்!

படத்தில் காட்டியதெல்லாம் வந்துவிட்டது. டீசல் வந்தது. கரண்ட் வந்தது. என் கேட் இருந்த இடத்தில் இப்போது சுரங்கப்பாதை. ஆளே வேண்டாம். சரி... அந்த ஆள் வீட்டுக்குப் போய் எப்படிப் பேசுவான்? அதை மட்டும் யாரும் படம் எடுக்கவில்லை.

பாதியில் எழுந்து வெளியே வந்தேன். பஸ் ஸ்டாப்பில் நின்று செல்விக்குப் போன் போட்டேன். நானாகப் போட்டது அதுதான் முதல் தடவை.

"அப்பா? யாரு தவறிட்டாவ?" பதறிவிட்டாள்.

"யாருமில்ல. சும்மாதான்."

"சும்மாவா? நீங்களா?"

"சாப்பிட்டியாம்மா?"

"இப்பதான் கேக்கத் தோணிச்சாக்கும்..."

அப்புறம் பேச்சில்லை. அழுகைதான். நான் என்ன செய்வேன்? வார்த்தை என்றால் திருப்பிச் சொல்லலாம். அழுகையை என்ன செய்வது? காதிலிருந்து எடுக்காமல் நின்றேன்.

"அப்பா, வச்சிராதிய."

"வைக்கலம்மா."

நான் வீட்டுக்குப் போக வேண்டிய மாப்பிள்ளையூரணி பஸ் வந்து நின்றது. "அண்ணாச்சி, ஏறுதியளா?" என்றார் கண்டக்டர். வேண்டாம் என்று கை காட்டினேன்.

எத்தனையோ ரயிலை நேரத்துக்கு அனுப்பியவன்... ஒரு பஸ்ஸை விட்டால் என்ன குறைந்துவிடும்?