தண்ணீரைப் பார்த்துப் பேசும் அண்ணி

என் அண்ணி முகம் கொடுத்துப் பேச மாட்டார். கல்யாணமாகி வந்த புதிதில் எங்கள் வீட்டில் அதுதான் பெரிய குறை. அம்மா ஏதாவது கேட்டால் ஜன்னலைப் பார்த்தபடி பதில் சொல்வார். அண்ணனோடு சாப்பிட உட்கார்ந்தாலும் கண் எதிர்ச்சுவரில் இருக்கும். தலைக்கனம் என்று அம்மா முடிவு கட்டிவிட்டார். நான் ஒரு படி மேலே போய், அண்ணி மாதிரியே சுவரோடு பேசி நடித்துக் காட்டி எல்லோரையும் சிரிக்க வைத்தேன். அப்போதே எனக்கு வாய் நீளம். இப்போது ஒரு தொலைபேசி நிறுவனத்தின் புகார் மேசையில் உட்கார்ந்து அந்த வாயை வைத்துத்தான் பிழைக்கிறேன்.

அண்ணி நகர நீச்சல் குளத்தில் உயிர்காப்பாளர். கல்யாணத்துக்கு முன்பிருந்தே அதே குளம், அதே உயரமான இரும்பு நாற்காலி, கழுத்தில் விசில். ஒருநாள் வீட்டுச் சாவி வாங்க அங்கே போயிருந்தேன். அண்ணியை மாற்றிவிட இன்னொரு பெண் வந்தார். நாற்காலிக்குப் பக்கத்தில் வந்து நின்றாரே தவிர அண்ணியைப் பார்க்கவில்லை. அண்ணியும் அவரைப் பார்க்கவில்லை. இரண்டு பேரும் தண்ணீரைப் பார்த்துக்கொண்டே முழங்கால் வலி, பையனின் பரீட்சை, புதிதாக வந்த மேலாளரின் அலட்டல் என்று ஊர்க்கதையெல்லாம் பேசினார்கள். கடைசியில் அந்தப் பெண், "நான் பாக்குறேன்" என்றார். அதற்குப் பிறகுதான் அண்ணி கண்ணை எடுத்தார், கீழே இறங்கினார்.

விஷயம் பிடிபட்ட சந்தோஷத்தில் ஓடிவந்து அம்மாவிடம் சொன்னேன். "சரி, வீட்டுக்குள்ள என்ன தண்ணியா ஓடுது?" என்று கேட்டார் அம்மா. ஆனாலும் அன்றோடு அந்தப் புகாரை அவர் விட்டுவிட்டார். நானும் நடிப்பை நிறுத்திக்கொண்டேன்.

அண்ணனுக்கும் அண்ணிக்கும் கல்யாணமாகி இருபத்தைந்து வருடம் ஆனபோது, குடும்பத்தோடு நான்கு நாள் கப்பல் பயணம் போவதென்று முடிவானது. அண்ணன், அண்ணி, நான், என் வீட்டுக்காரர், எங்கள் மகள், அப்புறம் என் அக்கா, அவளுடைய எட்டு வயது இரட்டைப் பையன்கள். அந்த நான்கு நாளும் அண்ணி ஒரு துரும்பைக்கூட நகர்த்தக் கூடாது என்று அண்ணன் எல்லோரிடமும் சத்தியம் வாங்காத குறையாகச் சொல்லியிருந்தார்.

என் மகளைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஒன்பது வருடம் மருத்துவமனை வாசல்களில் காத்துக் கிடந்து பெற்றவள். அவள் தும்மினால் எனக்குப் போன உயிர் திரும்ப நேரமாகும். நாலரை வயது. அழ மாட்டாள், அடம் பிடிக்க மாட்டாள், இருக்கிற இடம் தெரியாது. எனக்குப் பிறந்ததா இது என்று எல்லோரும் ஆச்சரியப்படுவார்கள். குடும்பத்தில் அவளுக்குப் பெயரே சமத்து. இரட்டையர்கள் எதையாவது உடைக்கும்போதெல்லாம் அக்கா என் மகளைக் காட்டி அவர்களைத் திட்டுவாள். எனக்கு உள்ளுக்குள் குளிர்ந்துபோகும்.

கப்பலின் ஒன்பதாவது தளத்தில் நீச்சல் குளம். அதன் சுவரில் ஒரு பலகை: இங்கே உயிர்காப்பாளர் இல்லை, குழந்தைகளுக்குப் பெற்றோரே பொறுப்பு. அண்ணி அதை ஒரு தடவை படித்தார். பிறகு ஒரு சாய்வு நாற்காலியைக் குளத்தின் விளிம்புவரை இழுத்துப் போட்டு, சாய்மானத்தை நிமிர்த்தி உட்கார்ந்துவிட்டார். கைப்பையிலிருந்து விசிலும் வந்தது. போச்சுடா என்று அண்ணன் தலையில் கை வைத்துக்கொண்டார்.

முதல் நாளே சட்டம் போட்டாகிவிட்டது. நான் ஆசையாக வாங்கி வந்த, கையில் மாட்டும் காற்றுப் பைகளை, அது பொம்மை, கரையில் வைத்து விளையாடட்டும் என்று ஒதுக்கிவிட்டார். லைஃப் ஜாக்கெட் வாங்கிவந்து மகளுக்கு மாட்டி, தோள்பட்டையைப் பிடித்துத் தூக்கிப் பார்த்தார். ஜாக்கெட் அவள் காதுவரை ஏறியது. பெரிசு என்று திருப்பிக் கொடுத்து, மூன்றாவதாக வந்ததைத்தான் ஏற்றுக்கொண்டார். அதன்பின் தானே குளத்தில் இறங்கி நின்றார். கப்பல் ஒரு பக்கம் சாயும்போது குளத்துத் தண்ணீரும் மொத்தமாக அந்தப் பக்கம் போகிறது. மகளின் நெஞ்சுவரை இருந்த தண்ணீர் அடுத்த நொடியில் மூக்குக்கு ஏறிவிடும். அதைக் கண்டுபிடித்ததும், படிக்கட்டைத் தாண்டி ஓர் அடிகூட அவள் வரக் கூடாது என்று கோடு கிழித்தார்.

அன்று சாயங்காலத்துக்குள் அண்ணியின் விசிலுக்கு முன்பின் தெரியாத பிள்ளைகளும் அடங்க ஆரம்பித்தன. யார் யாரோ தங்கள் குழந்தையைக் கொண்டுவந்து அண்ணியிடம் காட்டி, கொஞ்சம் பாத்துக்கோங்க என்று சொல்லிவிட்டுத் தேநீர் குடிக்கப் போனார்கள். அண்ணி ஒவ்வொருவரையும் விசில் ஊதித் திரும்ப அழைத்தார். உலகத்திலேயே அவருக்குப் பிடிக்காத வார்த்தை அந்த 'பாத்துக்கோங்க'தான்.

இரண்டாம் நாள்தான் கல்யாண நாள். மேல்தளத்தில் இரண்டு பேருக்கு மட்டும் ஒரு மேசை பிடித்திருந்தார் அண்ணன். அண்ணி அசையவில்லை. அண்ணன் புதுச் சட்டையில் பரிதாபமாக நின்றார். பார்க்கச் சகிக்காமல் நான் போனேன்.

"நீங்க போங்க அண்ணி. நான் பாத்துக்கிறேன்."

"பாத்துக்கிறேன்னு சொல்றவங்க பாக்க மாட்டாங்க" என்றார் அண்ணி, தண்ணீரை விட்டுக் கண்ணை எடுக்காமல். "பாக்குறேன்னு சொல்லு."

எனக்குச் சுருக்கென்றது. என் பிள்ளையை எனக்குப் பார்க்கத் தெரியாதா? பள்ளிக்கூடத்தில் ஒப்பிப்பது மாதிரி, "பாக்குறேன், பாக்குறேன், பாக்குறேன்" என்று மூன்று தடவை சொன்னேன். அண்ணி எழுந்து விசிலை என் கழுத்தில் மாட்டிவிட்டுப் போனார்.

பத்து நிமிடம் ஒழுங்காகத்தான் பார்த்தேன். இரட்டையர்கள் ஆழமான பக்கம் நீந்தினார்கள். மகள் நடுவில் ஐஸ்கிரீம் சாப்பிட வந்தாள், ஜாக்கெட் உறுத்துகிறது என்றாள், கழற்றிவிட்டேன். சாப்பிட்டு முடித்து என் பக்கத்தில் உட்கார்ந்து துண்டோடு விளையாடிக்கொண்டிருந்தாள். அப்போதுதான் அடுத்த நாற்காலியில் இருந்த அம்மாள் பேச்சுக் கொடுத்தார். நான் எங்கே வேலை செய்கிறேன் என்று தெரிந்ததும் அவருக்கு மடை திறந்துவிட்டது. மூன்று மாதமாகத் தொலைபேசி இணைப்புச் சரியில்லையாம். ஒரு பெரிய மனுஷி இவ்வளவு வருத்தப்பட்டுப் பேசும்போது எங்கோ பார்த்துக்கொண்டிருந்தால் மரியாதையாகவா இருக்கும்? நான் திரும்பி உட்கார்ந்தேன். நன்றாக முகம் கொடுத்துப் பேசினேன்.

ஒரே ஒரு புகார். எண்ணைக் குறித்துக்கொள்ளும் நேரம்தான். அதற்குள் மகள் எழுந்து தண்ணீருக்குப் போயிருக்கிறாள். துண்டுகளோடு வந்த அக்கா எங்கள் பின்னால் நின்று சொன்னாள்:

"உன் பொண்ணைப் பாரு, எவ்ளோ சமத்தா நிக்குறா. என் ரெண்டும் இருக்குதுங்களே."

நான் புன்னகை செய்தேன். என் பெண் மூழ்கிக்கொண்டிருந்தாள், நான் பெருமையில் புன்னகை செய்தேன்.

அண்ணி சாப்பாட்டுக்கு நடுவிலேயே எழுந்து வந்திருக்கிறார், ஒரு எட்டு பார்த்துவிட்டுப் போகலாமென்று. மாடிப்படியில் அவர் காலடி ஓசை தடதடவென்று கேட்டது. அண்ணன் கொடுத்த கைக்கடிகாரம், புதுச் செருப்பு, பட்டன் வைத்த வெள்ளை உடுப்பு எல்லாவற்றோடும் தண்ணீரில் குதித்தார். அப்போதுதான் நான் பார்த்தேன். மகள் நின்றுகொண்டிருக்கவில்லை. தலை பின்னால் சாய்ந்து, வாய் மட்டும் தண்ணீர் மட்டத்தில் திறந்து மூடியது. முடி கண்ணை மறைத்திருந்தது. கை இரண்டும் தண்ணீருக்குள்ளே எதையோ அழுத்திப் பிடிக்கப் பார்த்தன. ஒரு சத்தம் இல்லை. ஐந்து அடி தூரத்தில் யாரோ இரண்டு பையன்கள் பந்து விளையாடிக்கொண்டிருந்தார்கள்.

அண்ணி தூக்கிவிட்டார். இருமினாள், குடித்த தண்ணீரையும் ஐஸ்கிரீமையும் வாந்தி எடுத்தாள், பிறகு அழுதாள். அவள் அழுததற்காக நான் சந்தோஷப்பட்டது அன்றைக்கு ஒருநாள்தான்.

கப்பல் மருத்துவர் நெஞ்சில் கருவி வைத்துக் கேட்டார். பயமில்லை, ஆனாலும் சில மணி நேரம் இங்கேயே இருக்கட்டும் என்றார். அறையில் தூங்கிக்கொண்டிருந்த என் வீட்டுக்காரர் யாரோ சொல்லிக் கேட்டு வெறுங்காலோடு ஓடிவந்தார். மகளை வாங்கி நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். அதன் பிறகு அண்ணியைப் பார்த்தார். அண்ணி ஓரமாக நின்றிருந்தார். உடையிலிருந்து தரையில் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

"நீங்க இருந்துமாக்கா இப்படி?"

"ஆமாம்ப்பா" என்றார் அண்ணி. "கொஞ்சம் லேட் ஆயிடுச்சு."

அண்ணனுக்கு உண்மை தெரியும். அவர் சொல்ல வாயெடுத்தபோது அண்ணி அவர் கையைப் பிடித்துக்கொண்டார். எனக்கும் தெரியும். விசில் அப்போதும் என் கழுத்தில்தான் தொங்கிக்கொண்டிருந்தது, அதைச் சட்டைக்குள் தள்ளிவிட்டேன். நாள் முழுக்கப் பேசிச் சம்பாதிக்கும் என் வாய் திறக்கவில்லை.

இரவுச் சாப்பாட்டுக்கு எல்லோரும் ஒரே மேசையில் உட்கார்ந்தோம். மகள் அத்தையின் பக்கத்தில்தான் எப்போதும் உட்காருவாள். என் வீட்டுக்காரர் அவளைத் தூக்கித் தன் மடியில் வைத்துக்கொண்டார். கெட்ட மனிதர் இல்லை, பயந்துபோயிருந்தார். அண்ணி காலியான நாற்காலியை ஒருமுறை பார்த்துவிட்டுக் குனிந்து சூப்பைக் குடித்தார். இரட்டையர்கள்கூடச் சத்தம் போடவில்லை.

"அண்ணி மேல தப்பு இல்ல" என்றேன். "என்கிட்ட ஒப்படைச்சுட்டுத்தான் போனாங்க. பாக்குறேன்னு மூணு தடவ சொன்னேன். பாக்கல."

என் வீட்டுக்காரர் கரண்டியைக் கீழே வைத்தார். என்னை அவர் ஏசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். எழுந்து, மேசையைச் சுற்றிப் போய், மகளை அண்ணியின் பக்கத்து நாற்காலியில் உட்கார வைத்தார். மன்னிப்புக் கேட்க அவருக்கு வாய் வரவில்லை, கண் கலங்கி நின்றார். சூப்பு ஆறுது, உக்காந்து சாப்பிடுங்க என்றார் அண்ணி.

பிறகு நடைவழியில் அண்ணியை மடக்கி, ஏன் பழியை ஏற்றுக்கொண்டீர்கள் என்று கேட்டேன். கோபமாகவே கேட்டேன், குற்ற உணர்வு வந்தால் எனக்குக் கோபமாகத்தான் வெளியே வரும். குழந்தைக்கு அந்த நேரம் அம்மா வேண்டியிருந்தது, திட்டு வாங்கி அழும் அம்மா அல்ல என்றார். அவ்வளவுதான். கடிகாரம் ஓடுகிறதா என்று காதில் வைத்துப் பார்த்துக்கொண்டே போய்விட்டார்.

அடுத்த நாள் காலையில், இனி ஜென்மத்துக்கும் என் மகள் தண்ணீரில் இறங்கப் போவதில்லை என்று அறிவித்தேன். இன்றைக்கு இறங்காவிட்டால் என்றைக்கும் இறங்க மாட்டாள் என்றார் அண்ணி. ஜாக்கெட்டை மாட்டி, அவளைத் தூக்கிக்கொண்டு முதல் படியில் உட்கார்ந்தார். நீச்சல் சொல்லித் தரப் போகிறார் என்று நினைத்தேன். கத்தச் சொல்லித் தந்தார். தண்ணீர் வாய்க்கு வருவதற்கு முன்னாலேயே கத்த வேண்டும், எதற்கும் யாரிடமும் அனுமதி கேட்க வேண்டாம். "அத்தை" என்றாள் மகள், பூனைக்குட்டிக் குரலில். கேக்கல என்றார் அண்ணி. இரட்டையர்கள் உதவிக்கு வந்தார்கள், அவர்களுக்குத் தெரிந்த ஒரே கலை அது. அரை மணி நேரத்தில் என் மகள் போட்ட கூச்சலில் எதிரே நடந்து வந்த ஒருவர் காபியைத் தன் சட்டையில் கொட்டிக்கொண்டார். அக்கா அதட்டப் போனாள். நான் அவள் கையைப் பிடித்து நிறுத்தினேன். எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன.

கடைசி நாள் மத்தியானம் பிள்ளைகள் மூவரும் குளத்தில் இருந்தார்கள். அண்ணி காலையிலிருந்து ஒரே இடத்தில் உட்கார்ந்திருந்தார். கண் சிவந்திருந்தது. தண்ணீர் ஓரத்தில் அவர் சாய்ந்து உட்கார்ந்து நான் ஒருநாளும் பார்த்ததில்லை. நான் போய் அவர் நாற்காலிக்குப் பக்கத்தில் நின்றேன். ஜாக்கெட்டின் கொக்கியைச் சரிபார்த்துவிட்டேன் என்றேன். இரட்டையரில் சின்னவன் களைத்துவிட்டான், கொஞ்ச நேரத்தில் மேலே ஏற்ற வேண்டும் என்றேன். கப்பல் இப்போது இடது பக்கம் சாய்கிறது என்றேன். அண்ணி எல்லாவற்றுக்கும் ம்ம் கொட்டினார்.

"நான் பாக்குறேன், அண்ணி."

என்னிடம் பொறுப்பைக் கொடுக்க மாட்டார் என்றுதான் நினைத்தேன், கொடுக்காவிட்டாலும் நியாயம்தான். என் மகள் கையால் தண்ணீரை அடித்தாள், ஒன்று, இரண்டு, மூன்று. சின்னவன் படியைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினான். பெரியவன் முங்கினான், எழுந்தான். பக்கத்தில் நாற்காலியின் சாய்மானம் கடகடவென்று பின்னால் இறங்கும் சத்தம் கேட்டது.

கொஞ்ச நேரத்தில் குறட்டை கேட்டது. தூங்கும்போது அண்ணியின் முகம் எப்படி இருந்தது என்று அண்ணன் பிற்பாடு என்னைக் கேட்டார். எனக்குத் தெரியாது. நான் பார்க்கவில்லை.