முள் எழுபதில் நிற்கட்டும்

1961-ஆம் வருஷம் ஆடி மாதம் தென்காசியில் மசூதைவிட அறிவாளி ஒருவரும் இல்லை. அப்படித்தான் மசூது நினைத்திருந்தான். பாளையங்கோட்டையில் பி.எஸ்ஸி. இயற்பியல், இரண்டாம் வருஷம். லீவுக்கு வீட்டுக்கு வந்தால் ஓட்டு ஒழுகலையும் வாப்பாவின் பேச்சையும் ஒரே மாதிரி சகித்துக்கொள்வான்.

வாப்பா துல்கர்னைன் சோடா அடைக்கிறவர். குற்றாலம் ரோட்டில் நமசிவாயத்தின் சோடா கம்பெனி. கம்பெனி என்றால் ஒரு கொட்டகை, ஒரு சிமென்ட் தொட்டி, ஒரு மிஷின், ஒரு கேஸ் சிலிண்டர், ஓர் இசக்கிப்பாண்டி. இசக்கிப்பாண்டி சக்கரம் சுற்றுவான். துல்கர்னைன் கோலி பாட்டிலைத் தண்ணீரோடு இரும்புக் கூண்டில் மாட்டி, கேஸைத் திறந்துவிட்டு, கேஜ் முள்ளைப் பார்ப்பார். பாட்டில் தலைகீழாகச் சுழலும். கேஸ் தண்ணீரில் கரையும். கோலி கழுத்தில் போய் உட்கார்ந்துகொள்ளும். பத்து வருஷமாக இதுதான் வேலை.

உலகத்தில் முக்கால்வாசிப் பேரை அவருக்குப் பிடிக்காது. சீசனுக்கு வந்து உடம்பெல்லாம் எண்ணெயைப் பூசிக்கொண்டு அருவிக்குக் கீழே வரிசையில் நிற்கிறவர்களைக் கண்டால், "நனையதுக்கு ரயிலேறி வந்திருக்கானுவோ" என்பார். அதைச் சொல்லும்போது குரலை உயர்த்தமாட்டார். தாழ்த்துவார். கேட்கிறவனுக்கு அருவியில் நின்றது தான்தான் என்று தோன்றும். அவர் மரியாதை வைத்திருந்தது அந்த முள்ளிடம் மட்டும். அதையும் முழுசாக நம்பமாட்டார்.

கேஜ் கண்ணாடியில் சிவப்புப் பெயின்டால் இரண்டு புள்ளி வைத்திருந்தார். ஒன்று நூறு பவுண்டில். இன்னொன்று எழுபதில். வெயில் நாளில் நூறு. சாரல் விழுந்து தொட்டித் தண்ணீர் கை விறைக்கிற மாதிரி ஆகிவிட்டால் எழுபது. வேலைக்குச் சேர்ந்த முதல் சீசனில் பதினோரு பாட்டில் வெடித்தது. அதற்கப்புறம் வைத்த புள்ளி அது. இரண்டாவது புள்ளிக்குப் பின் வெடித்தது ஒன்றுகூட இல்லை.

நமசிவாயத்துக்கு சோடாவைப் பற்றித் தெரிந்தது ஒன்றே ஒன்று. திறந்தால் சத்தம் வர வேண்டும். அந்த ஆடியில் சங்கரன்கோவில் தபசுத் திருவிழாவுக்கு எண்பது பெட்டி கேட்டிருந்தார்கள். வெளியே சாரல் நூல் நூலாக இறங்கிக்கொண்டிருக்க, அவர் ஒரு பாட்டிலை எடுத்துக் கட்டைவிரலால் கோலியை அழுத்தினார். சத்தம் போதவில்லை.

"என்ன பாய், பூனை சீறுத மாதிரி இருக்கு?"

"சாரல்ல தண்ணி கேஸைக் குடிச்சிரும், முதலாளி. சங்கரங்கோயில் வெயில்ல கக்கும். அங்கன திறந்து பாருங்க."

நமசிவாயம் சிரித்தார். வாப்பாவின் சைக்கிளை வாங்கிப் போக வந்த மசூது வாசலில் நின்றிருந்தான். தண்ணீர் கேஸ் குடிக்குமா என்று காலேஜில் சொல்லித் தருகிறார்களா தம்பி என்று அவனைக் கேட்டார். மசூதும் சிரித்தான். முதலாளியோடு சேர்ந்து சிரிப்பது அவனுக்கு நன்றாக இருந்தது.

பிறகு சாக்கட்டியை எடுத்தான். பெட்டிப் பலகையில் கணக்குப் போட்டான். மூடிய பாத்திரத்தில் சூடு ஏறினால் கேஸின் அழுத்தமும் அதே விகிதத்தில் ஏறும். இங்கே சூடு இருபத்திரண்டு டிகிரி, அங்கே முப்பத்தெட்டு. அப்படியானால் அழுத்தம் இரண்டு பங்கை ஒட்டி வந்துவிடுமே என்று நமசிவாயம் கேட்டார். மசூது அதற்காகவே காத்திருந்தான். விவரம் தெரியாதவர்கள் அங்கேதான் விழுவார்கள் என்றான். டிகிரியோடு இருநூற்று எழுபத்துமூன்றைக் கூட்ட வேண்டும். கேஜ் காட்டுகிற நூறோடு வெளிக்காற்றின் பதினைந்தையும் கூட்ட வேண்டும். நூற்றுப் பதினைந்தை முந்நூற்றுப் பதினொன்றால் பெருக்கி இருநூற்றுத் தொண்ணூற்றைந்தால் வகுத்தான். பதினைந்தைத் திரும்பக் கழித்தான். நூற்றாறு.

"ஆறு பவுண்டு. அவ்வளவுதான் கூடும்."

துல்கர்னைன் பலகையை வெகுநேரம் பார்த்தார். எண் அவருக்கு வாசிக்கத் தெரியும்.

"ஆறுக்கா பதினோரு பாட்டில் வெடிச்சுது?"

"பழைய பாட்டிலா இருக்கும், வாப்பா."

"கேட்டேரா பாய்?" என்றார் நமசிவாயம். "பெத்த பிள்ளையே சொல்லுதான். முள்ளு நூறுல நிக்கட்டும்."

முள் நூறில் நின்றது. இரண்டு நாள், எண்பது பெட்டி. துல்கர்னைன் அதற்குப் பிறகு கேட்டது ஒன்றுதான். லோடோடு இசக்கிப்பாண்டி போக வேண்டாம், நான் போகிறேன் என்றார். நமசிவாயத்துக்கு அதில் ஒரு நஷ்டமும் இல்லை. சரி என்றார். மசூதுக்கு இது வீம்பாகப் பட்டது. உம்மாவிடம் அப்படியே சொல்லவும் செய்தான்.

சங்கரன்கோவிலில் சாரல் கிடையாது. லாரி போய்ச் சேரும்போதே தார் இளகியிருந்தது. துல்கர்னைன் பெட்டிகளின் மேல் ஈரச் சாக்கைப் போட்டார். தபசுக் கூட்டத்தில் குடிக்கவே தண்ணீருக்கு அலைகிறார்கள், சாக்கு நனைக்க யார் கொடுப்பார்கள்? இரண்டு குடம் கெஞ்சி வாங்கினார். மத்தியானத்துக்குள் சாக்கு முறுகிவிட்டது. உள்ளே இரண்டு பாட்டில் வெடித்தது. சனங்கள் வேட்டு என்று நினைத்துக் கைதட்டினார்கள். பக்கத்தில் நின்ற பெண்களை விலகச் சொல்லிவிட்டு, பெட்டியை நிழலுக்கு நகர்த்த அவர் சாக்கைத் தூக்கினார். மூன்றாவது பாட்டில் அவருடைய இடது கண்ணில் வந்து முடிந்தது.

பாளையங்கோட்டை பெரியாஸ்பத்திரியில் இருபது நாள். கண்ணை எடுத்துவிட்டார்கள்.

விபத்துக்கு யார் பொறுப்பு என்று விசாரிக்க ஓர் அதிகாரி வந்தார். நமசிவாயம் ஆள் அனுப்பி மசூதைக் கூப்பிட்டார். மிரட்டவில்லை, எதையும் தருவதாகச் சொல்லவுமில்லை. அந்தக் கணக்கை அய்யாவுக்குக் கொஞ்சம் எழுதிக் கொடுங்க தம்பி என்றார், அவ்வளவுதான். மிரட்டியிருந்தால் மசூதுக்குச் சொல்லிக்கொள்ள ஒரு காரணமாவது கிடைத்திருக்கும். அவன் வெள்ளைத் தாளில், இங்கிலீஷில், அழகான கையெழுத்தில் எழுதினான். அழுத்தம் ஆறு பவுண்டுதான் கூடியிருக்கும்; ஆறு பவுண்டுக்கு நல்ல பாட்டில் உடையாது; ஆகவே கையாண்ட விதத்தில்தான் கோளாறு. அந்த 'ஆகவே'யை யாரும் கேட்கவில்லை. கணக்கு முழுமையாக இருக்கட்டும் என்று அவனாகப் போட்டது.

கட்டுப் போட்ட முகத்தோடு துல்கர்னைன் நின்றார். சொல்ல ஏதாவது உண்டா என்று அதிகாரி கேட்டார்.

"எம் மகன் போட்ட கணக்கு சரியாத்தான் இருக்கும். படிச்சவன்."

குரலைத் தாழ்த்திச் சொன்னார். அந்தக் குரலை மசூது பல தடவை கேட்டிருக்கிறான். அருவிக்குக் கீழே நிற்கிறவர்களைப் பற்றிப் பேசும் குரல். தாளை வாங்கி, பேனா முனை எங்கே படுகிறது என்று ஒற்றைக் கண்ணால் தடவிப் பார்த்து, துல்கர்னைன் கையெழுத்துப் போட்டார். அடுத்த வாரம் வேலைக்குப் போனார். மசூது காலேஜுக்குப் போனான். வாயு விதிகளில் வகுப்பிலேயே முதல் மார்க் அவனுக்குத்தான்.

1964-இல் கொச்சியில் ஓர் ஐஸ் ஃபேக்டரியில் அவனுக்கு வேலை கிடைத்தது. அங்கே ஒரு புத்தகம் கிடந்தது. எந்த கேஸ் எந்தச் சூட்டில் தண்ணீரில் எவ்வளவு கரையும் என்று பின்பக்கத்தில் ஓர் அட்டவணை. சோடா கேஸுக்கு நேரே விரலை வைத்தான். இருபத்திரண்டு டிகிரியில் கரைவதில் மூன்றில் இரண்டு பங்குதான் முப்பத்தெட்டில் கரையும். மிச்சம் தண்ணீருக்கு வேண்டாம். வெளியே வரப் பார்க்கும்.

அவனுடைய விதி சரி. இருநூற்று எழுபத்துமூன்றும் சரி. பதினைந்தும் சரி. கேஸ் மட்டும் அடைத்த பாட்டிலுக்கு. சோடா பாட்டிலில் கேஸ் தனியாக நிற்கிற இடம் கோலிக்குப் பக்கத்தில் ஒரு விரற்கடை. மற்றதெல்லாம் தண்ணீர். கேஸ் பெரும்பாலும் அதற்குள்தான் இருக்கிறது. சாரலில் குடித்ததை வெயிலில் கக்குகிறது. திரும்பக் கணக்குப் போட்டான். நூறில் அடைத்தது நூற்றைம்பதுக்குப் போயிருக்கும். எழுபதில் அடைத்தது நூற்றுப் பத்துக்குள் நின்றிருக்கும். ஐந்தாம் கிளாஸ் தாண்டாத ஒருவர் பெயின்டால் புள்ளி வைத்த இடம்.

இதைத் தெரிந்துகொண்டு அவன் என்ன செய்தான்? நான்கு வருஷம் ஒன்றும் செய்யவில்லை. பெருநாளுக்குப் பெருநாள் ஊருக்கு வந்தான். கேரள எல்லையில் புளியறை செக்போஸ்ட்டில் பஸ் நிற்கும்போதெல்லாம், இந்தத் தடவை சொல்லிவிட வேண்டும் என்று நினைப்பான். தென்காசி வருவதற்குள் அது போய்விடும். ஒரே ஒரு தடவை ஆரம்பித்தான்.

"வாப்பா, அந்தச் சோடா..."

"சாப்பிடுலே, ஆறிரும்" என்றார் துல்கர்னைன்.

மசூது சாப்பிட்டான். தப்பித்தோம் என்று இரண்டாவது தடவை சோறு வாங்கிச் சாப்பிட்டான்.

1968 ஆடியில் துல்கர்னைன் இறந்தார். நெஞ்சு வலி, இரண்டு மணி நேரம்கூட இல்லை. மசூது வந்து சேர்ந்து மண் போட மட்டும் முடிந்தது.

மூன்றாம் நாள் நமசிவாயம் துக்கம் கேட்க வந்தார். தெருவில் போட்டிருந்த பந்தலில், நல்ல நாற்காலியாகப் பார்த்து உட்கார்ந்தார். நல்ல மனுஷன், கையில் மட்டும் கொஞ்சம் நிதானம் இருந்திருந்தால் அந்தக் கண் போயிருக்காது என்று எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னார். ஏழு வருஷமாகச் சொல்லிச் சொல்லி அவருக்கு அது பழகிப்போயிருந்தது. ஊருக்கும் பழகிப்போயிருந்தது. இரண்டு பேர் தலையாட்டினார்கள்.

"நான் போட்ட கணக்கு தப்பு, முதலாளி" என்றான் மசூது. "நூறுல அடைச்சா வெயில்ல நூத்தம்பது ஆயிரும். அதான் வெடிச்சுது. வாப்பா கையில ஒரு கோளாறும் இல்ல."

பந்தலில் பேச்சு நின்றது. கணக்கு எப்படித் தப்பு என்று அவன் விளக்க ஆரம்பித்தான். தண்ணீர், கரைவது, அட்டவணை. அவன் குரல் அவனுக்கே சாக்கட்டி பிடித்தவன் குரலாகக் கேட்டது. நமசிவாயம் பொறுமையாகக் குடையை எடுத்துக்கொண்டார்.

"அந்தக் காயிதத்துல உங்க வாப்பா கையெழுத்துப் போட்டிருக்காருல்லா, தம்பி. இப்ப என்னத்துக்கு அது?"

அவர் போன பிறகு பந்தல் மறுபடி பேச ஆரம்பித்தது. மழையைப் பற்றி. மூலையில் உட்கார்ந்திருந்த இசக்கிப்பாண்டி எழுந்து வந்தான். தலை நரைத்திருந்தது. சக்கரம் சுற்றின கை மட்டும் அப்படியே இருந்தது.

"இது எங்களுக்கு அன்னைக்கே தெரியும், தம்பி. உங்க வாப்பா ஆஸ்பத்திரியில கெடக்கும்போதே முதலாளி வந்து, சாரல்னா முள்ளு எழுபதுல நிக்கட்டும்னு சொல்லிட்டாரு. இன்னைக்கு வரைக்கும் எழுபதுதான்."

வாப்பாவுக்கு அது தெரியுமா என்று மசூது கேட்டான்.

"தெரியாமலா? ஏழு வருஷமா வால்வைத் திருப்பினது யாரு?" இசக்கிப்பாண்டி துண்டை உதறித் தோளில் போட்டான். "நீங்க ஐஸ் கம்பெனியில சேந்ததும், இனி இவனுக்கு வெளங்கிரும்னு சொன்னாரு. நீங்க வந்து சொல்லுவீங்கன்னு ரெண்டு பெருநாள் பாத்தாரு. பொறவு பாக்கல."

இசக்கிப்பாண்டி நிற்கவில்லை. தபசு லோடு கொட்டகையில் நிற்கிறது, சாக்கு நனைக்க ஆளில்லை என்று சொல்லிவிட்டு, சாரலில் இறங்கி நடந்தான்.