அத்தை கொடுத்த எள்ளுருண்டை

நான் எட்டாவது படிக்கும்போது எனக்கு மருந்து எடுத்தார்கள். மருந்து கொடுத்தார்கள் இல்லை, எடுத்தார்கள். ஒருவரை வசியம் பண்ணித் தன் பக்கம் இழுத்துக்கொள்ள, சோற்றிலோ பலகாரத்திலோ எதையோ கலந்து கொடுத்துவிடுவார்களாம். அது வயிற்றில் ஒட்டிக்கொண்டு கிடக்குமாம். அப்புறம் பெற்றவள் போடுகிற சோறு கசக்கும், கொடுத்தவள் வீட்டுச் சோறு இனிக்கும். அதைக் கக்க வைத்து எடுப்பதற்கென்றே எங்கள் பக்கத்தில் ஆட்கள் உண்டு. எனக்கு மருந்து வைத்தது வேறு யாருமில்லை, அப்பாவின் கூடப்பிறந்த அக்கா, என் சொந்த அத்தை என்று அம்மா நம்பினாள்.

அப்போது நாங்கள் நல்லூரில் குடியிருந்தோம். அப்பா நிட்டிங் மிஷின் ஓட்டினார். அம்மா பனியன் கம்பெனியில் ஓவர்லாக் டெய்லர். ஒன்றரை ஷிப்ட் முடிந்து வரும்போது இருட்டியிருக்கும். காலையில் சோறு வடித்து, அதிலேயே தக்காளி சாதமோ எலுமிச்சை சாதமோ கிளறி மூன்று டப்பாவில் அடைத்துவிட்டுக் கம்பெனி வேனைப் பிடிக்க ஓடுவாள். கீரை ஆய்ந்துகொண்டு உட்கார அவளுக்கு நேரம் ஏது? சனிக்கிழமை சம்பளத்தன்றைக்குப் புரோட்டா பார்சல் வரும். வாரத்தில் எங்களுக்கு விருந்து அதுதான்.

எனக்கு அந்த டப்பா சாதம் இறங்கவே இறங்காது. சத்துணவுக்குத் தட்டைத் தூக்கிக்கொண்டு வரிசையில் நிற்க எங்கள் வகுப்புப் பெண்களுக்கெல்லாம் கூச்சம். எதிர்க்கடையில் மசாலா பாக்கெட் ஒன்றை வாங்கிக் கொறித்துவிட்டுத் தண்ணீர் குடித்தால் மத்தியானம் தீர்ந்தது. ஒரு திங்கட்கிழமை பிரேயரில் நின்றவள் அப்படியே சரிந்து விழுந்தேன்.

பள்ளிக்கூடத்துக்குப் பின்தெருவில்தான் அத்தை வீடு. கம்பெனியிலிருந்து மூட்டை மூட்டையாக வரும் பனியன்களுக்கு வீட்டிலேயே உட்கார்ந்து பிசிறு வெட்டிக் கொடுப்பார். டீச்சர் என்னை அங்கேதான் அனுப்பி வைத்தார். அத்தை கத்தரியைக் கீழே வைத்துவிட்டு என் கண் இமையை இழுத்துப் பார்த்தார்.

"ஏங்கண்ணு, இப்படி வெளுத்துக் கெடக்குது? உங்கூட்டுல சோறு போடறாங்களா, இல்லியா?"

இந்தப் பேச்சு சாயங்காலத்துக்குள் அம்மாவின் காதுக்குப் போய்விட்டது. கெட்டது அங்கேதான்.

மறுநாளிலிருந்து மத்தியானம் மணி அடித்தால் அத்தை வீட்டுக்கு ஓடுவேன். ஒருநாள் ராகிக் களியும் கீரைக் கடைசலும். ஒருநாள் கொள்ளுப் பருப்பு. ஒருநாள் கம்மஞ்சோற்றில் மோர் ஊற்றி, தொட்டுக்கொள்ள அவித்த முட்டை. முருங்கைக்கீரையை முட்டையோடு பொரித்தால் அப்படி ஒரு ருசி வரும் என்று அங்கேதான் தெரிந்துகொண்டேன். கிளம்பும்போது கையில் ஒரு எள்ளுருண்டையைத் திணித்து விடுவார். என் கன்னத்தில் சதை வைத்தது. வீட்டில் தட்டை நகர்த்தி வைத்துவிட்டு, "அத்தையூட்டுலயே தின்னுட்டேன்" என்பேன்.

அம்மா தினமும் விசாரிக்க ஆரம்பித்தாள்.

"இன்னிக்கு என்ன போட்டாங்க?"

"கொள்ளுப் பருப்பும்மா."

"என்ன வாசம் வந்துச்சு?"

சொல்லி முடிப்பதற்குள் என் கையைப் பிடித்து மோந்து பார்ப்பாள். அப்புறம் அப்பாவிடம் திரும்புவாள்.

"ஏனுங்க, உங்கக்காளுக்கு இந்தப் புள்ளை மேல திடீர்னு என்ன அத்தனை பாசம்? பையனைப் பெத்து வெச்சிருக்கறாங்கல்ல, அதுக்குத்தான் இப்பவே வளைக்கறாங்க."

அப்பா சிரித்தார். "அவனுக்கு மூக்கு ஒழுகுனாத் தொடைக்கத் தெரியாது. அவனுக்குப் பொண்ணு பாக்கறாங்களாமா?"

அம்மா சிரிக்கவில்லை. "பெத்தவ சோறு புள்ளைக்குக் கசக்குதுன்னா சும்மாவா? என்னமோ வெச்சிருக்கறாங்க."

அன்றிலிருந்து மாரியம்மன் கோயில் திருநீற்றில் ஒரு சிட்டிகையை என் நாக்கில் போட்டுத்தான் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பினாள். எனக்கும் பயம் பிடித்துக்கொண்டது. அத்தை பரிமாறும்போது அவர் விரலையே பார்த்துக்கொண்டிருப்பேன். உப்புப் போடும்போது அவர் வாய் எதையோ முணுமுணுக்கும். மந்திரமாகத்தான் இருக்க வேண்டும் என்று காதைத் தீட்டிக்கொண்டு கேட்டேன். "பழனியாண்டவா" என்றுதான் கேட்டது. சாமி பேரைச் சொல்லி மறைக்கிறாரோ என்றும் தோன்றியது. சந்தேகப்பட்டுக்கொண்டே இரண்டாம் தடவையும் வாங்கிச் சாப்பிட்டேன்.

ஒரு அமாவாசை ஞாயிற்றுக்கிழமை அம்மா என்னைக் கூட்டிக்கொண்டு கிளம்பினாள். நெருப்பெரிச்சல் ஊரைத் தாண்டி மருந்து எடுக்கிறவர் ஒருவர் இருந்தார். வெறும் வயிற்றோடு வர வேண்டும் என்று சொல்லியிருந்தார்கள். ஆனால் வெள்ளிக்கிழமை அத்தை கொடுத்த எள்ளுருண்டை என் பாவாடைப் பையில் இருந்தது. பஸ் வருவதற்குள் அம்மா எதிரில் இருந்த பிள்ளையாரைச் சுற்றிக் கும்பிடப் போனாள். அவள் கண்ணை மூடிய நேரத்தில் நான் உருண்டையை வாயில் போட்டுக்கொண்டேன். பசி பிள்ளையாருக்குத் தெரியாதா என்ன.

மருந்து எடுக்கிறவர் ஒரு சொம்பில் பச்சிலைச் சாறு கொடுத்தார். கசப்பென்றால் அப்படி ஒரு கசப்பு. வாழையிலைமேல் குடலே வந்து விழுகிற மாதிரி கக்கினேன். அவர் ஒரு குச்சியால் கிளறினார்.

"பாத்தீங்களாம்மா? கறுப்பா, கட்டியா. இதேதானுங்க."

அம்மா நெஞ்சில் அடித்துக்கொண்டாள். "மாரியாத்தா! நான் சொன்னா யாரு நம்புனாங்க!"

எனக்குக் கண்ணிலும் மூக்கிலும் தண்ணீர். இருந்தாலும் பார்த்ததும் தெரிந்துவிட்டது. "அம்மா, அது எள்ளுருண்டை" என்றேன்.

இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள்.

"எள்ளுருண்டையா? யாரு குடுத்தது?"

"அத்தை."

"அப்பறம் என்ன! அதுலதான் வெச்சுக் குடுத்திருக்கறாங்க!"

"அதேதானுங்க" என்றார் அவர். இருவருக்கும் பரம திருப்தி.

அத்தை வீட்டு வாசலை மிதிக்கக் கூடாது என்று ஆகிவிட்டது. மறுபடியும் டப்பா, மறுபடியும் தக்காளி சாதம். நான் பிடிவாதம் பிடிக்கவில்லை, தொண்டையில் இறங்கவில்லை, அவ்வளவுதான். வைத்த சதை வடிய ஆரம்பித்தது. மருந்து எடுத்த பிறகும் பிள்ளை ஏன் சாப்பிட மாட்டேன் என்கிறாள் என்று அம்மா என்னையே பார்த்துக்கொண்டிருப்பாள்.

பிறகு அம்மா முன்னைவிடச் சீக்கிரம் எழுந்தாள். ராகிக் களி கிண்டினாள். கட்டி கட்டியாக இருந்தது. கொள்ளு வேகாமல் பல்லில் நறநறத்தது. "அத்தை செய்யற மாதிரி இல்லம்மா" என்பேன். அம்மா முகம் சுருங்கிப் போகும். விசாரணையும் மறுபடி தொடங்கியது.

"அவங்க கொள்ளை ஊற வெச்சு வேக வெப்பாங்களா, வறுத்துட்டா?"

"வறுத்துட்டும்மா."

"கீரைக்குப் பருப்புப் போடுவாங்களா?"

மருந்தை எதில் எல்லாம் கலந்தார்கள் என்று இன்னும் துப்புத் துலக்குகிறாள் என்றே நினைத்தேன். அத்தையை மாட்டிவிடக் கூடாது, அம்மாவிடம் பொய்யும் சொல்லக் கூடாது. வார்த்தைக்கு வார்த்தை யோசித்து, சாட்சிக் கூண்டில் நிற்கிறவள் மாதிரி பதில் சொன்னேன்.

எள்ளுருண்டையும் செய்து பார்த்தாள். பிடித்தால் உதிர்ந்து போனது. கிண்ணத்தில் போட்டு ஸ்பூனால் தின்றோம்.

ஒரு வெள்ளிக்கிழமை கம்பெனியிலிருந்து சீக்கிரமே வந்து, கோயிலுக்குப் போய் வருகிறேன் என்று கிளம்பினாள். திரும்பி வந்தவள் நெற்றிக் குங்குமத்தோடு நேராக அடுப்படிக்குப் போய் எள்ளை வறுத்தாள். அன்றைக்கு உருண்டை நின்றது. ஒரு கடி கடித்தேன். அதே இனிப்பு. அதே மாதிரி நாக்கின் கடைசியில் ஏதோ ஒரு சின்னக் காரம்.

"அம்மா! அத்தை செஞ்ச மாதிரியே இருக்குது!"

அம்மா அடுப்பைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள். முந்தானை முகத்துக்குப் போனது. அத்தை பேரைச் சொன்னதற்குக் கோபம் என்று நினைத்து, "அதைவிட நல்லாருக்குது" என்று சேர்த்துச் சொன்னேன்.

போன மாதம் என் மகளுக்குக் காது குத்தியபோது, தாய்மாமன் என்று யாரும் இல்லாததால், அத்தைதான் மடியில் வைத்துக்கொள்ள வந்திருந்தார். அம்மா பக்கத்தில் உட்கார்ந்து, நாத்தனாரை 'நங்கையா, நங்கையா' என்று கூப்பிட்டுக்கொண்டே வெற்றிலை மடித்துக்கொண்டிருந்தாள். அத்தை என் காதருகில் குனிந்தார்.

"உங்கம்மா அன்னிக்கு எங்கூட்டு வாசல்ல வந்து நின்னா, கண்ணு. சண்டைக்கு வந்திருக்கறான்னு நெனச்சேன். 'நங்கையா, எள்ளுல நீங்க என்ன சேத்தறீங்க'ன்னா. சுக்குத் தட்டிப் போடுன்னேன். 'சரிங்க'ன்னா. உள்ள வான்னேன், வல்லை. கண்ணைத் தொடச்சுட்டுப் போயிட்டா."

அந்த மாரியாத்தாள் சாட்சியாக, அன்றைக்கு எனக்கு இது எதுவும் தெரியாது. சுக்கைப் பற்றி நான் அம்மாவிடம் சொன்னதே இல்லை, எனக்கே தெரியாததை எப்படிச் சொல்வேன்? அப்படியிருக்க, அம்மா கையால் பிடித்த உருண்டையில் அத்தை வீட்டு ருசி எப்படி வந்தது என்று அந்த வெள்ளிக்கிழமை அடுப்படி வாசலில் நின்று யோசித்தேன். ஒன்றுதான் பிடிபட்டது. அந்த மருந்து எனக்குள்ளிருந்து இன்னும் முழுசாக வெளியே வரவில்லை.

பயமாகத்தான் இருந்தது. அம்மா திரும்பிப் பார்ப்பதற்குள் இன்னொன்றை எடுத்து வாயில் போட்டுக்கொண்டேன்.