கண்ணாடியில் விழுந்த சந்தனம்

கடலுக்குப் பக்கத்தில், அடையாறில், ஒரு பெரிய தொலைநோக்கியை வைத்துக்கொண்டு குடித்தனம் நடத்துவது லேசில்லை. உப்புக்காற்று எதையும் விட்டுவைக்காது. எங்கள் கல்லூரி மாடியில் இருப்பதன் கண்ணாடி ஒரு சாப்பாட்டு மேசை அகலம். அதைத் தாங்கும் இரும்புச் சட்டத்தை அந்தக் காலத்தில் கோடம்பாக்கத்தில், சினிமா கிரேன் செய்யும் பட்டறையில் அடித்து வாங்கினார்களாம். கண்ணாடி மேலுள்ள அலுமினியப் பூச்சு தலைமுடியைவிட மெல்லியது. தூசி படிந்தால் படியட்டும், துணி மட்டும் படக்கூடாது.

பொறுப்பாளர் நான் என்றாலும் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டவர் எங்கள் ஃபிட்டர். சாந்தோம் மாதா கோயில் பங்கைச் சேர்ந்த கிறிஸ்தவர். வருடத்துக்கு ஒருமுறை, காய்ச்சி வடித்த நீரில் நனைத்த பஞ்சை அழுத்தாமல், அதன் எடையிலேயே இழுத்துக் கழுவுவார். அப்போது யாரும் பேசக்கூடாது. எனக்கு வாய் சும்மா இருக்காது என்பதால் வெளியே நிற்பேன்.

மூன்று வருடங்களுக்கு முன் ஆயுத பூஜையில், ஸ்பேனர் முதல் தொலைநோக்கி விளிம்பு வரை சந்தனம் குங்குமம் வைத்தேன். கண்ணாடியும் தீபாராதனை பார்க்கட்டும் என்று மூடியைத் திறந்தேன்.

"வாணாம் மேடம், மேல இன்னா விழுந்தாலும் போச்சு" என்றார் ஃபிட்டர்.

நல்ல நாளில் அபசகுனமாகப் பேசாதீர்கள் என்று அவர் வாயை அடைத்தேன். பூஜையில் வைத்ததை மறுநாள் வரை தொடக்கூடாதே. மூடி திறந்தபடியே கிடந்தது. காலையில் போனால், விளிம்புச் சந்தனம் காய்ந்து உதிர்ந்து கண்ணாடியில் கிடக்கிறது. பதறிப்போய் முந்தானையால் துடைத்தேன். விரல் நீளத்துக்குக் கீறல் விழுந்தது.

யார் துடைத்தது என்று துறைத்தலைவர் எல்லோரையும் நிற்கவைத்துக் கேட்டார். பதவி உயர்வுப் பட்டியலில் அப்போது என் பெயர் இருந்தது. முந்தானையை இழுத்து இடுப்பில் செருகிக்கொண்டேன்.

"நான்தான் சார்" என்றார் ஃபிட்டர்.

பழி ஓரிடம், பாவம் ஓரிடம். இனி அவர் கண்ணாடியைத் தொடக்கூடாது என்று உத்தரவாயிற்று. திறந்து மூடும் கூரையின் சக்கரங்களுக்கு கிரீஸ் போடும் வேலையைக் கொடுத்தார்கள். இத்தனைக்கும் அந்தக் கீறலால் ஒரு நட்சத்திரமும் மங்கவில்லை. அது தெரிந்த பிறகும் நான் வாய் திறக்கவில்லை. பதவி உயர்வு வந்தது, வாங்கிக்கொண்டேன். இன்றும் அதை நினைத்தால் கூசுகிறது.

போன மாதம் அவருக்குப் பணி ஓய்வு. மாலையும் காபியும் முடிந்து அவர் தனியாக நின்றபோது, அன்று ஏன் அப்படிச் சொன்னீர்கள் என்று கேட்டேன்.

"நீங்க பேச முடியாம நின்னுகினு இருந்தீங்க மேடம். அந்த நேரத்துக்குத் தாங்கிப்போம்னு சொன்னேன். அப்பால நீங்களே போய்ச் சொல்லிடுவீங்கன்னு நெனச்சுக்கினே இருந்தேன்."