மரத்த காலில் வந்த வலி

ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டில் மூட்டைகள் சரிந்து விழுந்ததில் என் அக்காவின் கணவருக்கு முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிந்தது. திண்டுக்கல்லில் ஓர் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். தொடையில் ஊசி போட்டு அந்தக் காலை மட்டும் மரத்துப்போகச் செய்து, எலும்பைச் சேர்த்து ஆபரேசன் செய்தார்கள்.

"ஊசியையும் மீறி வலிச்சா உடனே சொல்லணும்," என்றார் டாக்டர். உள்ளே சதை வீங்கி இறுகினால் ரத்த ஓட்டம் நின்று காலே போய்விடுமாம்.

மதியம் மச்சான் பல்லைக் கடித்துக்கொண்டு படுத்திருந்தார். சந்தேகப்பட்டு அந்தக் காலின் கட்டைவிரலை லேசாக நிமிர்த்திப் பார்த்தேன். துள்ளிவிட்டார்.

"வலிக்குதா மச்சான்?"

"பேசாம இரு மாப்ள. சொன்னா மறுபடி ஆபரேசன்ம்பாய்ங்க. பஸ்ஸ நிப்பாட்டச் சொல்லவே ஒனக்கு வாய் வராது, நீ போயி என்னத்த சொல்லிருவ?"

அவர் சொன்னது உண்மைதான். ஆனாலும் எழுந்து, வார்டே திரும்பிப் பார்க்கும்படி கத்தினேன்: "சிஸ்டர்! மரத்த காலு வலிக்குதாம், ஓடி வாங்க!"

நர்ஸ் ஓடி வந்தார், பின்னாலேயே டாக்டரும் வந்தார். கெண்டைக்கால் கல் மாதிரி இருந்தது. உடனே தியேட்டருக்குக் கொண்டுபோய், தோலைக் கீறி இறுக்கத்தைத் தளர்த்தினார்கள்.

மறுநாள் காலை டாக்டர் விரல்களை ஆட்டச் சொன்னார். நான் கண் சிமிட்டவில்லை. கட்டைவிரல் அசைந்தது, பிறகு மற்ற நான்கும் அசைந்தன. யாரென்றே தெரியாத பக்கத்துக் கட்டில்காரரின் தோளைப் பிடித்து உலுக்கினேன்.

"அங்க பாருங்கண்ணே, ஆடுது! அஞ்சும் ஆடுது!"