தம்பி வேனின் புகைச் சான்றிதழ்

புகைப் பரிசோதனை நிலையத்தில் அவளுக்கு ‘மூக்கு’ என்று பெயர். வண்டி வாசலில் வந்து நிற்கும்போதே என்ன கோளாறு என்று சொல்லிவிடுவாள். பதினேழு வருஷமாக அங்கே வேலை. மேலாளரின் மாமனார் காரையே இரண்டு தடவை திருப்பி அனுப்பியவள். அதில் மேலாளருக்கு உள்ளூரக் கடுப்பு.

ஒரு வியாழக்கிழமை அவள் தம்பி தன் வேனைக் கொண்டுவந்தான். பதினாலு பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்கு ஏற்றிப்போகிற வேன். புகைக்குழாயில் மெஷினின் கம்பியைச் செருகிப் பார்த்தாள். கார்பன் மோனாக்சைடு அளவோடுதான் இருந்தது. ஆனால் ஆக்சிஜன் கன்னாபின்னாவென்று ஏறியது. எரிந்து வரும் புகையில் அவ்வளவு ஆக்சிஜன் இருக்காது. வழியில் எங்கோ வெளிக்காற்று கலக்கிறது. கனத்த துணியை மடித்துக் குழாய் வாயை ஒரு நொடி அடைத்தாள். பின்சீட்டுக்குக் கீழே ‘உஸ்’ என்றது.

“குழாய்ல ஓட்டை. புகை உள்ள ஏறுதுடா. பிள்ளைங்க உக்காருற இடம்.”

“பரீட்சை நேரம்க்கா, வண்டிய நிறுத்த முடியாது. இப்ப பேப்பரக் குடு, லீவுல மாத்திக்கறேன்.”

“நீயாச்சேன்னு சொல்றேன், இத இன்னிக்கே மாத்து.”

‘தகுதியில்லை’ என்று அச்சான தாளை அவன் கையில் கொடுத்துவிட்டுச் சாப்பிடப் போனாள். கணினி அவள் பெயரில் திறந்தே கிடந்தது. தம்பி மேலாளரிடம் போய்க் கெஞ்சியிருக்கிறான். அவர் தன் புதுக் காரின் குழாயில் கம்பியைச் செருகி, வேனின் நம்பரைத் தட்டி, சான்றிதழை எடுத்துக் கொடுத்துவிட்டார். இதெல்லாம் அவளுக்குப் பிறகுதான் தெரிந்தது.

எட்டாம் நாள் நல்ல மழை. வேனின் ஜன்னல்களை எல்லாம் சாத்தியிருந்தார்கள். பின்சீட்டில் இருந்த சிறுமி மயங்கிச் சரிந்தாள். பிழைத்துக்கொண்டாள். ஆனால் வாய்ப்பாட்டைக் கடகடவென்று ஒப்பித்த பிள்ளை, இப்போது சொல்ல வந்ததையே பாதியில் மறந்துவிடுகிறது.

விசாரணை வந்தது. சான்றிதழில் இருந்தது அவள் பெயர். முதலில் எடுத்த சோதனை கணினியில் இல்லை, மேலாளர் அழித்திருந்தார். “தம்பிப் பாசம், என்ன செய்யறது” என்று அவர் பெருமூச்சு விட்டபோது, அறையில் எல்லோரும் தலையாட்டினார்கள்.

அன்று சாயங்காலமே தம்பி வீட்டுக்குப் போனாள்.

“நான் குடுத்த தாள் எங்கடா?”

“கிழிச்சுப் போட்டேன்க்கா.”

“அப்ப நடந்தத வந்து சொல்லு.”

அவன் செருப்பைப் பார்த்துக்கொண்டே நின்றான். “சொன்னா என் லைசென்ஸ் போயிரும். உனக்குன்னா வேற வேலை கிடைக்கும். எனக்குப் பிள்ளைங்க இருக்குக்கா.”

“பின்சீட்ல இருந்ததும் ஒரு பிள்ளதானடா?”

உள்ளே இருந்து தம்பி மனைவி வந்து, டீ போடட்டுமா என்று கேட்டாள்.

வேலை போயிற்று. அந்தச் சிறுமியின் வீட்டுக்கு ஒருநாள் போனாள். பெயரைச் சொன்னதுமே சிறுமியின் அம்மா கதவைச் சாத்திக்கொண்டாள். சாத்திய கதவின் முன்னாலிருந்து, சொல்ல வந்ததைச் சொல்லாமலே திரும்பினாள்.

இப்போது ஒரு பேட்டரிக் கடையில் கல்லாவுக்குப் பின்னால் உட்காருகிறாள். வேன் மறுபடி ஓடுகிறது. குழாயை மாற்ற முக்கால் மணி நேரம்தான் ஆயிற்றாம். அவளுடைய அம்மாதான் போனில் சொன்னாள். தம்பி இளைத்துப்போய்விட்டான், நீயாக ஒரு வார்த்தை பேசினால் என்ன என்றும் கேட்டாள்.